கல்லூரிப் பைக்குள் பேனாக்கத்தி: எதை எடுப்பது, எதை விடுவது

கல்லூரிக்குப் பேனாக்கத்தி எடுத்துப்போகலாமா, போகலாம் என்றால் எது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கம்பெனியிலும் ஸ்டீலிலும்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அந்தக் கத்தி பாக்கெட்டில் கிடக்கும் நேரமெல்லாம் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? வகுப்பு, நூலகம், ஆய்வகம், பஸ், தேர்வு அறை, நண்பரின் அறை. மலையேறுபவருக்கு எது நல்ல கத்தி, மரவேலை செய்பவருக்கு எது நல்ல கத்தி என்பதெல்லாம் வேறு கேள்விகள். மாணவரின் கத்தி இந்த இடங்களில் பக்கத்தில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கக் கூடாது, வைத்திருப்பவரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது, தேவைப்படும் நேரத்தில் வேலையும் செய்ய வேண்டும்.

சரி, வேலை என்ன? பார்சலின் டேப்பை அறுப்பது. புதுத் துணியின் லேபிளை எடுப்பது. சட்டைக் கையில் தொங்கும் நூலை நறுக்குவது. கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து வரும் பென்டிரைவை வெளியே எடுப்பது. மூக்குக் கண்ணாடியின் தளர்ந்த திருகு, ஆடும் நாற்காலி, லேப்டாப்பின் அடிமூடி. விரலில் ஏறிய சிராய். எப்போதாவது ஒரு பழம். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவி வேண்டும் என்று பாருங்கள். நூல், லேபிள், பிளாஸ்டிக் எல்லாம் கத்தரிக்கோல் வேலை. திருகுகளுக்கு ஸ்க்ரூடிரைவர். சிராய்க்குச் சாமணம். கத்தியே வேண்டும் என்று நிற்பது டேப்பும் பழமும்தான். டேப்புக்கு இரண்டு விரல் அளவு பிளேடு போதும். பேனாக்கத்தி வாங்கும் மாணவருக்கு அதில் மிகக் குறைவாகப் பயன்படப்போவது கத்திதான் என்பது என் முடிவு. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இதை வைத்துத்தான்.

சட்டம் ஒரு பக்கம், வளாக விதி இன்னொரு பக்கம்

எந்த மாடல் என்று பார்ப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். கத்தி விஷயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. நீளம் மட்டுமே கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். ஆனால் விரித்த பிளேடு பூட்டிக்கொள்ளும் கத்தி என்றால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது. ஜெர்மனியில் ஒரே கையால் விரித்து, விரிந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணம் இல்லாமல் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. ஜப்பானில் பிளேடு 6 செ.மீ.க்கு மேல் போனால் நியாயமான காரணம் கேட்பார்கள். அதற்குக் குறைவானதை மறைத்து வைத்திருந்தாலும் சின்னக் குற்றங்களுக்கான சட்டத்தில் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கல்லூரி வளாகத்துக்குள் இரண்டரை அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள, மடங்காத பிளேடுள்ள கத்திக்குத் தடை.

இவற்றைப் பார்த்தால் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். எவ்வளவு நீளம்? பூட்டு உண்டா? ஒரு கையால் விரியுமா? நீங்கள் எங்கே படித்தாலும் முதலில் இந்த மூன்றுக்கும் உங்கள் ஊர்ச் சட்டத்தில் பதில் தேடுங்கள்.

அப்புறம் கல்லூரியின் சொந்த விதி. பெரும்பாலும் இதுதான் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கும். தெருவில் தாராளமாக வைத்துக்கொள்ளக்கூடிய ஒன்று வளாகத்துக்குள் ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகலாம். ஹாஸ்டலுக்குத் தனி விதி இருக்கலாம், தேர்வு அறைக்கு இன்னொன்று. மாணவர் கையேட்டில் ஆயுதம் என்ற தலைப்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். தெளிவாக இல்லையென்றால் வார்டனிடமோ மாணவர் நலன் அலுவலகத்திலோ மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் ‘பரவாயில்லை’ என்று ஒருவர் சொன்னது, அவர் மாறிப்போன பிறகு உங்களுக்குக் கைகொடுக்காது.

இங்கேயே தற்காப்பு என்ற எண்ணத்தையும் எடுத்துப் போட்டுவிடலாம். அந்த நோக்கத்தோடு கத்தி வாங்கக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. பதற்றத்தில் இரண்டு கையாலும் விரிக்க வேண்டிய, குத்தினால் மடங்கித் தன் விரலையே வெட்டக்கூடிய ஒரு சின்னக் கருவி யாரையும் காப்பாற்றாது. சண்டையில் அது எதிராளியின் கைக்குப் போகவும் வாய்ப்பு இருக்கிறது. சட்டத்திலும் நிலைமை மோசமாகும். பிரிட்டனில் தற்காப்புக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் சாதாரணப் பொருளைக்கூட ஆயுதமாக எடுத்துக்கொள்ள முடியும். பயம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் பாதுகாப்பு அலுவலகம். துணைக்கு ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு நடப்பது எந்தக் கத்தியையும்விட உதவும்.

சாவிக்கொத்தில் தொங்கும் சின்னது

இப்போது மாடல்கள். மடக்கிய நிலையில் 58 மி.மீ. நீளமுள்ள, விக்டரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் கிளாசிக் எஸ்டி மாதிரியான சின்னக் கத்தியிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான மாணவர்களுக்கு நான் கைகாட்டுவது இந்த வகையைத்தான். எடை ஏறத்தாழ 21 கிராம். ஒரு பிளேடு, ஒரு கத்தரிக்கோல், நுனி தட்டையான ஒரு நக அரம், சாமணம், பல்குத்தி. அவ்வளவுதான். பிளேடு மூன்றரை செ.மீ. அளவு, பூட்டு கிடையாது, நகத்தால் நெம்பி இரண்டு கையாலும்தான் விரிக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் இதைவிடச் சாதுவான பதில் கிடைப்பது கஷ்டம்.

அந்தக் கத்தரிக்கோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். விரித்ததும் சின்ன ஸ்பிரிங் ஒன்று அதைத் திறந்தே வைத்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் மூடும், விட்டால் தானாகத் திறக்கும். சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் சிக்கிய நூலை, துணியைத் தொடாமல் வேரோடு நறுக்க முடியும். மாத்திரை அட்டையின் ஓரம், நகம், பேண்டேஜ், மடிந்து கிழிந்த நோட்டின் விளிம்பு, பிளாஸ்டிக் லேபிளின் கொக்கி என்று எல்லாவற்றுக்கும் இது கை நீட்டும். கெட்டியான கேபிள் டையை இதில் வெட்டப்போனால் மட்டும் ஸ்பிரிங் பாழாகும்.

நக அரத்தின் நுனி மூக்குக் கண்ணாடித் திருகுகள் பலவற்றுக்குப் பொருந்திவிடும். நட்சத்திரத் தலைத் திருகு அதிகமாக வருகிறது என்றால் இதே நீளத்தில் ராம்ப்ளர் என்ற மாடலைப் பாருங்கள். காந்தமேறிய சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று கூடுதலாக இருக்கும், கொஞ்சம் தடிமன். எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவருக்கு நான் ராம்ப்ளரையே சொல்வேன்.

குறையும் உண்டு. பெரிய பழத்தை இதில் வெட்ட முடியாது, சாறு உள்ளே இறங்கிப் பிசுபிசுக்கும். தடித்த அட்டைப்பெட்டியைக் கிழித்து மடிக்கவும் லாயக்கில்லை. கை பெரிதாக உள்ளவருக்குப் பிடிமானம் போதாது. இன்னொன்று, சாவியோடு கோத்துவிட்டால் அது இருப்பதே மறந்துபோகும். விமான நிலையத்தின் சோதனை வாசலில் சின்னக் கத்திகளை இழப்பவர்கள் இப்படித்தான் இழக்கிறார்கள். எளிதில் கழற்றக்கூடிய கொக்கியில் மாட்டி வைப்பது நல்லது.

84, 91 மி.மீ. கத்திகள்

விக்டரினாக்ஸை நிறுவிய கார்ல் எல்செனர் சுவிட்சர்லாந்தில் 1897இல் பதிவுசெய்த, ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியின் வழியில் வந்தவை இவை. சிவப்புக் கைப்பிடியோடு எல்லாரும் படத்தில் பார்த்திருக்கும் அந்தக் கத்தி 91 மி.மீ. வகை. பிளேடு, டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான், தட்டை ஸ்க்ரூடிரைவர், துளை போடும் ஊசி என்று ஒரு அடிப்படைக் கூட்டம் இந்த வகையில் பெரும்பாலானவற்றில் இருக்கும். அதற்கு மேல் ஸ்பார்டன் என்ற மாடலில் கார்க் திருகு (பாட்டிலின் கார்க்கைப் பிடுங்கும் சுருள் கம்பி), டிங்கரில் அதற்குப் பதில் நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், கிளைம்பரில் கார்க் திருகோடு கத்தரிக்கோலும். கார்க் திருகு மாணவருக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதன் சுருளுக்குள் முறுக்கி வைக்கும்படி மூக்குக் கண்ணாடிக்கான குட்டி ஸ்க்ரூடிரைவர் ஒன்று தனியாகக் கிடைக்கிறது.

இதிலும் பூட்டு இல்லை, இரண்டு கையால்தான் விரியும். பல இடங்களில் சட்டப்படி பிரச்சினை வராது. ஸ்டீல், கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 பக்கம், அதாவது ரொம்பக் கடினம் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் மழுங்கும், அதே அளவு சீக்கிரம் சாணைக்கு வளையும். விலை உயர்ந்த ஸ்டீல்களைப் பற்றி மணிக்கணக்காகப் படிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது, டேப்பும் பழமும் வெட்ட இது தாராளம்.

ஆனால் வளாகத்துக்கு இது கொஞ்சம் பெரிது. விரித்தால் ‘கத்தி’ என்று பார்த்தவுடன் தெரியும். ஜீன்ஸ் பாக்கெட்டில் புடைக்கும். ஹாஸ்டல் அறை மேசையில் வைத்துப் பயன்படுத்த இதற்கு இணை இல்லை, விதி அனுமதித்தால். வகுப்புக்கு எடுத்துப்போவதற்கு 58 மி.மீ. வகைதான் மேல். 84 மி.மீ.யில் கேடட் என்று அலுமினியக் கைப்பிடியோடு மெல்லியதாக ஒன்று வருகிறது. அழகான கத்தி, எனக்கு மிகவும் பிடித்த வடிவம் அதுதான். ஆனால் அதில் கத்தரிக்கோல் கிடையாது. மாணவர் தேவை என்று பார்க்கும்போது அந்த ஒரு காரணத்துக்காகவே அதைக் கீழே இறக்குகிறேன்.

ஒபினெல்

பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசஃப் ஒபினெல் 1890இல் செய்ய ஆரம்பித்த மரக் கைப்பிடிக் கத்தி. ஒரே ஒரு பிளேடு, வேறு எதுவும் இல்லை. பிளேடு மெல்லியது என்பதால் பழம் வெட்டுவதில் மேலே சொன்ன எல்லாவற்றையும் தோற்கடிக்கும். அறையில் தானே சமைத்துக்கொள்ளும் மாணவருக்கு இது நிஜமாகவே உதவும். அளவுக்கு ஏற்ப எண் போட்டு விற்கிறார்கள். எண் 8 பரவலாகக் கிடைப்பது, பிளேடு எட்டரை செ.மீ. 1955இல் வந்த விரோப்ளோக் என்ற வளையத்தை விரலால் சுழற்றினால் பிளேடு பூட்டிக்கொள்ளும். கைக்கு அது நல்லது. ஆனால் பூட்டுள்ள கத்தி தடையான இடத்தில் அதுவே குற்றமாகிவிடும். இதை யோசிக்காமல் ‘பழங்காலத்து மரக் கத்திதானே’ என்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வளையம் எண் 6இலிருந்துதான் ஆரம்பிக்கிறது. எண் 5உம் அதற்குக் கீழானவையும் பூட்டில்லாதவை, எண் 5இன் பிளேடு 6 செ.மீ.

கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு வகை வருகிறது. கார்பன் வகையைப் பழம் வெட்டித் துடைக்காமல் வைத்தால் மறுநாளே கறுப்பும் துருவும் பிடிக்கும். ஹாஸ்டல் வாழ்க்கைக்கு ஸ்டெயின்லெஸ். தண்ணீரில் ஊறினால் மரம் உப்பிப் பிளேடு இறுகிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். இது அறையில் இருக்க வேண்டிய கத்தி. பாக்கெட்டுக்கு வேண்டாம்.

ஒரு கையால் விரியும், பூட்டிக்கொள்ளும் கத்திகள்

1981இல் ஸ்பைடெர்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி பிளேடில் வட்டத் துளை போட்டு, பாக்கெட்டில் செருகும் கிளிப்போடு ஒரு கத்தியைக் கொண்டுவந்தது. கட்டைவிரலால் தள்ளினால் விரிந்துவிடும். ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வெட்ட வேண்டியவருக்கு, படகில், ஏணியில், பண்ணையில் வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. அழுத்தி வெட்டும்போது மடங்காது என்பது உண்மையான பாதுகாப்பு. அந்த மதிப்பை நான் குறைக்கவில்லை.

மாணவர் ஒரு கையால் கத்தி விரிக்க வேண்டிய வேலை வளாகத்தில் என்ன இருக்கிறது? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அமைதியான நூலகத்தில் ஒரு பார்சலைப் பிரிக்க இதை விரித்தால் ‘டக்’ என்ற சத்தம் வரும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பாக்கெட் விளிம்பில் கிளிப் தெரிந்துகொண்டே இருக்கும். சட்டங்கள் குறிவைப்பதும் பெரும்பாலும் இந்த வகையைத்தான். எத்தனை தரமாக இருந்தாலும் படிக்கும் காலத்துக்கு இதை விட்டுவிடுங்கள்.

குறடு வைத்த கருவிகள், கத்தியே இல்லாதவை

டிம் லெதர்மேன் 1975இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, பாக்கெட்டில் இருந்த கத்தியில் குறடு இல்லையே என்று யோசித்ததில் தொடங்கியது இந்த வகை. முதல் கருவி 1983இல் விற்பனைக்கு வந்தது. குறடு வேண்டியவருக்கு வேறு எதுவும் ஈடாகாது: சைக்கிள் வைத்திருப்பவர், ரோபாட்டிக்ஸ் குழுவில் இருப்பவர், நாடக மேடை, ஒலி, ஒளி வேலை பார்ப்பவர். ஆனால் லெதர்மேன் கம்பெனியின் வேவ் மாதிரியான முழு அளவுக் கருவி 240 கிராம் பக்கம். அதில் உள்ள பிளேடுகள் பூட்டுள்ளவை, ஒரு கையால் விரிபவை. தினமும் சுமக்க முடியாது, சட்டச் சிக்கலும் அப்படியே இருக்கிறது. வேலை இருக்கும் அன்று பையில் எடுத்துப்போவது, மற்ற நாளில் அறையில் வைப்பது என்றால் சரி. மைக்ரா என்ற சின்ன மாடலில் குறட்டுக்குப் பதிலாக நடுவில் கத்தரிக்கோல் இருக்கும். 58 மி.மீ. கத்தியின் கத்தரிக்கோல் போதவில்லை என்பவர்களுக்கு அது நல்ல மாற்று. எடை 50 கிராம் அளவு.

கத்தியே இல்லாத கருவிகளை முன்பு யாரும் பெரிதாக மதிக்கவில்லை. விக்டரினாக்ஸின் ஜெட்செட்டர் அப்படி ஒன்று: அதே 58 மி.மீ. உடலில் கத்தரிக்கோல், காந்த ஸ்க்ரூடிரைவர், பாட்டில் திறப்பான், சாமணம். பிளேடு மட்டும் கிடையாது. பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் இறுகுவதைப் பார்த்து, கத்தியில்லாக் கருவிகளை உருவாக்கிக்கொண்டிருப்பதாக அந்தக் கம்பெனியின் தலைவரே 2024இல் சொன்னார். முதலில் போட்ட வேலைப் பட்டியலை மறுபடி பார்த்தால், ஜெட்செட்டர் செய்ய முடியாதது பழம் வெட்டுவது ஒன்றுதான். டேப்பைக் கத்தரிக்கோலின் நுனியால் குத்தி இழுத்தால் கிழிந்துவிடும். உங்கள் கல்லூரி எந்தக் கத்தியும் கூடாது என்று எழுதி வைத்திருந்தால் தயக்கமே வேண்டாம், இதை எடுங்கள். கத்தரிக்கோலும் கூடாது என்று சொல்லும் தேர்வு அறைக்கு மட்டும் இதையும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

கட்டர்

படிப்புக்காகவே வெட்ட வேண்டியவர்கள் தனி. கட்டடக்கலை, ஓவியம், வடிவமைப்பு படிப்பவர்களுக்குப் பேனாக்கத்தியில் அட்டை மாடல் செய்ய முடியாது. நுனியை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுக்கும் கட்டர்தான் வேண்டும். ஜப்பானில் யோஷியோ ஒகாடா 1956இல் செய்தது அது. மழுங்கிய பிளேடோடு அழுத்தினால்தான் கை வழுக்கும் என்பதால், அடிக்கடி ஒடிப்பது சிக்கனத்தைவிட முக்கியம். ஒடிந்த துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் சேர்த்துப் போடுங்கள். அடியில் வெட்டுப் பாயும் விளிம்பில் இரும்பு ஸ்கேலும் இல்லாமல் வெட்ட உட்காராதீர்கள். பாடத்துக்குத் தேவையான கருவி என்பது பல இடங்களில் ஏற்றுக்கொள்ளத்தக்க காரணம். அதற்கு அது வரைபடங்களோடு, கருவிப்பெட்டிக்குள், வகுப்புக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும். அதே கட்டர் இரவு பாக்கெட்டில் தனியாக இருந்தால் காரணம் சொல்ல முடியாது. தாவரவியல், விலங்கியல் மாணவர்களின் அறுவைக் கத்தி ஆய்வகத்திலேயே இருக்கட்டும்.

யாருக்கு எது

விதி அனுமதிக்கும் வளாகத்தில் சாதாரணத் தேவைக்கு 58 மி.மீ. கிளாசிக், திருகு வேலை அதிகம் என்றால் ராம்ப்ளர். விதி அனுமதிக்காத இடத்தில், அல்லது அனுமதிக்கிறதா என்று எழுத்தில் பதில் கிடைக்காத இடத்தில், ஜெட்செட்டர். அறையில் சமைப்பவருக்கு அறையோடு நிற்கும் ஸ்டெயின்லெஸ் ஒபினெல், அதற்கும் ஹாஸ்டல் விதியைப் பார்த்த பிறகு. குறடு நிஜமாகத் தேவைப்படுபவருக்கு மட்டும் லெதர்மேன். மேசை இழுப்பறையில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது, வெளியே எதுவும் தேவைப்பட்டதில்லை என்பவர் எதுவும் வாங்க வேண்டாம். அதுவும் முழுதாகச் சரியான தேர்வுதான், பலருக்கு அதுவே போதும்.

வாங்கிய பின் ஒரு விஷயத்தைப் பழக வேண்டும். பூட்டில்லாத கத்தியில் பழகாதவர்கள் விரலை வெட்டிக்கொள்வது மூடும்போது. பிளேடின் முதுகை உள்ளங்கையால் தள்ளி மூடுங்கள், மற்ற விரல்கள் கைப்பிடியின் பக்கவாட்டில் இருக்கட்டும், பிளேடு வந்து விழும் பள்ளத்தின் மேல் ஒரு விரலும் இருக்கக் கூடாது. பாதி மூடியதும் ஒரு கணம் நிறுத்தி விரல்களைப் பார்த்துவிட்டு மீதியை மூடுவது நல்ல பழக்கம். குத்துவது, நெம்புவது இரண்டும் வேண்டாம், அந்த அசைவில்தான் பிளேடு மடங்கும். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மூடித்தான் கொடுக்க வேண்டும். யாராவது கேட்டு வாங்கும்போது என்ன வெட்டப்போகிறார் என்று கேட்டுவிட்டு, முடிந்தால் நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

தேர்வு நாளிலும், விமானம் ஏறும் நாளிலும், நீதிமன்றம், விளையாட்டரங்கம் மாதிரி வாசலில் சோதனை உள்ள இடத்துக்குப் போகும் நாளிலும் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விமானத்தில் கத்தியைக் கையில் எடுத்துப் போகும் பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இராது. ஆனால் இறங்கும் நாட்டின் சட்டம் வேறாக இருக்கலாம். மேலே சொன்ன மூன்று கேள்விகளை அந்த நாட்டுக்கும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.